முக்கால் மேசைக் கிரேன்

முக்கால் மேசை கிரேனுக்கு, கால் மேசை அவளுக்கு. மூன்று வருடமாக அந்த வீட்டில் அமலில் இருந்த பாகப்பிரிவினை இது. கிரேன் தன் பங்கில் போர்வை போர்த்திக்கொண்டு சௌகரியமாக நின்றது. அவளோ தன் பங்கான கால் மேசையில், ஓர் ஓட்டலின் அத்தனை ஜன்னல்களுக்குமான திரைச்சீலைகளை இன்று சாயங்காலத்துக்குள் வெட்டியாக வேண்டும்.

“தரையில விரிச்சு வெட்டேன்” என்றார் கணவர், கண்ணாடி முன் நின்று தலையை வாரிக்கொண்டே.

“என் முதுகு என்ன உங்க கிரேனா, குனிஞ்சு நிமிர்ந்துகிட்டே இருக்க?”

“இன்னைக்கு ஒரு நாள்தானே. நாலு மணிக்கு வண்டி வந்துடும், கிரேன் போயிடும். அப்புறம் மேசை மொத்தமும் உனக்குத்தான்.”

“இந்த ‘ஒரு நாள்தானே’வைக் கேட்டுக் கேட்டு என் காதே மரத்துப் போச்சு.”

அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு மேசையருகே வந்தார். முகத்தில் ஒரு குழைவு. அந்தக் குழைவைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஒரே ஒரு தடவை பாரேன். நேத்துதான் கடைசி வேலை முடிஞ்சுது. ஒரு வாரமா வரவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது, நேத்து அப்படியே வந்துடுச்சு! செய்றப்போ விரலைக்கூடச் சுட்டுக்கிட்டேன் தெரியுமா?”

“பார்க்க மாட்டேன்.”

“போர்வையை மட்டும் கொஞ்சம் தூக்கி...”

“பார்க்க மாட்டேன்னா பார்க்க மாட்டேன். அது இந்த வீட்டை விட்டுப் போறப்போ வாசல்ல நின்னு அதோட முதுகைப் பார்க்கறேன். அது போதும்.”

அந்த மேசை அவளுடையது. துணி வெட்டுவதற்கென்றே அளவு சொல்லிச் செய்யவைத்தது. தெருவுக்கே அவள் டெய்லரம்மா. அவள் வெட்டினால் துணி நூல் பிடித்த மாதிரி நேராக வரும் என்று பெயர். கோணல் என்பது அவளுக்கு ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டுச் சுவரில் படம் சாய்ந்து தொங்கினால்கூட, வீட்டுக்காரர்களைக் கேட்காமலே நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி பொருத்துபவர். கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு பழகிய விரல்கள். அந்த விரல்களை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? பழைய ரயில்வே கிரேனைக் காப்பாற்றுகிற சங்கம் ஒன்றில் போய்ச் சேர்ந்தார். தடம் புரண்ட பெட்டிகளைத் தூக்கி நிறுத்துகிற நீராவிக் கிரேன் அது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து, யார்டின் மூலையில் தள்ளிவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சங்கத்தார் உப்புத்தாளும் எண்ணெயுமாகப் போய் அதன் துருவைச் சுரண்டிவிட்டு, அந்தத் துருவை அப்படியே சட்டையில் ஏந்திக்கொண்டு வீடு திரும்புவார்கள். துவைப்பது யார்? ‘துருப்பிடிச்ச சங்கம்’ என்று அவள் பெயர் வைத்தது சும்மா இல்லை.

அது போதாதென்று, அதே கிரேனைச் சின்ன உருவில் செய்கிறேன் என்று மேசையில் ஆரம்பித்தார். கொதிகலன், சக்கரம், கப்பி, கொக்கி என்று பித்தளைத் தகட்டிலும் கம்பியிலும் ஒவ்வொன்றாக முளைத்தன. மேசை சுருங்கிக்கொண்டே வந்தது.

இன்று மண்டபத்தில் சங்கத்துக் கூட்டம். ரயில்வேயின் பெரிய அதிகாரி வருகிறார். கிரேனை நிலையத்தின் முன்னால் நிறுத்தி வைப்பதா, இல்லை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுவதா என்று இன்றோடு முடிவு. மேசையில் நிற்கும் இந்தச் சின்னக் கிரேனைப் பார்த்துத்தான் அவர் மனம் இளக வேண்டுமாம். யார்டு வரைக்கும் அவர் வரமாட்டாராம். காலணியில் எண்ணெய் ஒட்டும்.

அந்தக் கிரேன் அப்படி என்னதான் செய்து கிழித்தது என்று கணவர் அவளிடம் சொல்லாமல் இல்லை. சாப்பிடும்போது எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறார். “அன்னைக்கு நல்ல மழை. பாலத்து மேல பெட்டி பாதி அந்தரத்துல...” என்று வரும்போது அவள், “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?” என்பாள். வேண்டாம் என்று அவர் தலையாட்டி முடிப்பதற்குள் கதை ஆறிப்போகும். இன்றுவரைக்கும் அந்தப் பெட்டி அந்தரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

“நான் கிளம்பறேன். மண்டபத்துல நாற்காலி போடணும்” என்றார் அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு. “அதைத் தொட்டுடாதே, என்ன?”

அந்த ‘என்ன’தான் வினையாகப் போயிற்று. அவர் படியிறங்க, அவள் மாடிப்படி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் கத்தினாள்.

“தொடறதா? ஒருநாள் இல்ல ஒருநாள் உங்க கிரேனை நானே என் கையால உடைக்கறேனா இல்லையா பாருங்க!”

ஒவ்வொரு மாடியிலும் கதவு ஒருக்களித்துத் திறந்து மூடியது. எல்லோருக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே என்றுதானே கத்தினாள்.

உள்ளே வந்தபோது உடம்பெல்லாம் கொதித்தது. ஓட்டல்காரன் கொடுத்த திரைத்துணி, ஆள் உயரத்துக்கு உருளையாகச் சுவரில் சாய்ந்து நின்றது. அதை இரண்டு கையாலும் தூக்கி, இருந்த கோபம் அத்தனையையும் சேர்த்து, தன் பங்குக் கால் மேசையில் தொப்பென்று போட்டாள். துணி உருளைக்குப் பாகப்பிரிவினை தெரியுமா? அது பாட்டுக்கு உருண்டு எல்லை தாண்டிப் போய்ப் போர்வையின் மேல் மோதி நின்றது.

உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம்.

அவள் உருளையை இழுத்து ஓரமாகத் தள்ளினாள். பிறகு, பார்க்க மாட்டேன் என்று காலையில்தான் சபதம் செய்த கையால் போர்வையைத் தூக்கினாள்.

கிரேனின் நீண்ட கை நடுவில் வளைந்திருந்தது. போன மாதம் தூசி தட்டும்போது பார்த்தாள், ஈட்டி மாதிரி நேராக நின்ற கை. இப்போது முழங்கையை மடக்கின மாதிரி கீழ்நோக்கிச் சரிந்து, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது.

“ஐயையோ” என்றாள். உடனே, “நல்லா வேணும்” என்றாள். இரண்டையும் மனதாரத்தான் சொன்னாள்.

அப்புறம்தான் பயம் வந்தது. தெரியாமல் விழுந்தது என்றால் யார் நம்புவார்கள்? கட்டடம் முழுக்கச் சாட்சி வைத்துக்கொண்டல்லவா சவால் விட்டிருக்கிறாள். அவர் திட்டினால்கூடத் தேவலை, பதிலுக்குத் திட்டிவிடலாம். அவர் திட்டமாட்டார். “பரவாயில்லை விடு” என்பார். வேண்டுமென்றே உடைத்தவள் என்று மனதில் வைத்துக்கொண்டு அவர் சொல்கிற அந்தப் பரவாயில்லையோடு மீதிக் காலத்தை எப்படி ஓட்டுவது? நினைக்க நினைக்க அவளுக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. தரையில் வைத்து வேலை செய்திருந்தால் இதெல்லாம் வருமா?

சுவரில் சங்கத்து நாட்காட்டி தொங்கியது. கிரேன் புதிதாக வந்து இறங்கிய அன்று எடுத்த படம். மாலையும் கழுத்துமாக, கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கை எவ்வளவு நேர்!

“இதோ பார்” என்று கிரேனிடம் சொன்னாள். “நாலு மணிக்குள்ள நீ இப்படி நிக்கற. நிக்க வைக்கறேன்.”

முதலில் துணியைச் சுற்றிக் கையாலேயே அழுத்திப் பார்த்தாள். வளைவு அசையவில்லை, குறுக்கே ஒட்டியிருந்த மெல்லிய பட்டை ஒன்று ‘டிக்’கென்று உடைந்து தரையில் விழுந்தது. அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. எத்தனை முரட்டுத் துணியை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாள்! இஸ்திரிப் பெட்டிக்கு அடங்காத சுருக்கம் எது?

கையைத் தனியாகக் கழற்றினால்தான் பெட்டி போட முடியும். அடியில் ஒரு சின்ன ஆணி; அதை உருவிவிட்டாள். ஆனால் கப்பிகளின் வழியாகப் போவதும் வருவதுமாக ஏகப்பட்ட நூல் ஓடிக்கொண்டிருந்தது. நூல்தானே? நூல் கோர்க்கத் தெரியாதவளா அவள்? கத்தரியை எடுத்துக் கத்தரித்தாள். கொக்கி தரையில் விழுந்து, தையல் இயந்திரத்தின் அடியில் எங்கோ உருண்டு காணாமல் போனது.

கையை இஸ்திரிப் பலகையில் கிடத்தி, ஈரத்துணி போட்டு, பெட்டியை நல்ல சூட்டில் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி வந்தது. நீராவிக் கிரேனுக்கு ஆவி பழக்கம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துணியை எடுத்துப் பார்த்தால், கையில் இருந்த கறுப்புப் பெயிண்ட் பாதி துணிக்கு வந்துவிட்டது. மீதி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. வளைவு வளைந்தபடியே இருந்தது.

“உன்னை மாதிரி அழுத்தக்காரியை நான் பார்த்ததே இல்ல” என்று கையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி ஏசி ரிப்பேர் செய்பவன். எது உடைந்தாலும், “இவ்வளவுதானா? நான் பார்த்துக்கறேன்” என்பான். அவன் பார்த்துக்கொண்ட பொருள்கள் அவள் வீட்டுப் பரணில் நிறையவே இருந்தன. ஆனாலும் ஆபத்துக்கு வேறு யார்?

வந்தவன் கிரேனைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். அக்காவைப் பார்த்தான்.

“நீயா உடைச்சே?”

“துணி உருளை விழுந்து உடைஞ்சுது.”

“ம்.”

“என்னடா ம்?”

“ஒண்ணும் இல்லக்கா. கீழ கடையில சொல்லிக்கிட்டு இருந்தாங்க, காலையில நீ சவால் விட்டதை.”

“அதுக்காக? கூடப் பிறந்தவன், நீயே நம்பலையா?”

“நம்பறேன், நம்பறேன். கத்தரியை முதல்ல கீழ வை.”

அவன் பையிலிருந்து சின்ன காஸ் அடுப்புக் குழல் மாதிரி ஒன்றை எடுத்தான். முனையில் நீலமாக நெருப்பு சீறியது.

“பித்தளைதானே, சூடு காட்டினா வெண்ணெய் மாதிரி வளைஞ்சு கொடுக்கும். நான் தினமும் ஏசி குழாயில பண்றதுதான். பார்த்துக்கிட்டே இரு.”

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிரேனின் கை சூடேறிப் புகைந்தது. தம்பி இடுக்கியால் பிடித்து இழுத்தான். வளைவு கொஞ்சம் நிமிர்ந்தது. “பார்த்தியா!” என்று அவன் வாயைத் திறந்த அதே நேரத்தில், குறுக்கும் நெடுக்குமாக ஈயம் வைத்து ஒட்டியிருந்த பட்டைகள் ஒவ்வொன்றாக உருகி, பலகையில் பொலபொலவென்று உதிர்ந்தன. கடைசியில் இடுக்கியில் நீளமான கம்பிகள் மட்டும் மிஞ்சின.

“ஈயம் வச்சு ஒட்டியிருக்காருன்னு நீ சொல்லவே இல்லையே” என்றான் தம்பி.

“எனக்கென்னடா தெரியும்?”

“மூணு வருஷமா உன் கண்ணு முன்னாலதானே ஒட்டியிருக்காரு?”

அவளுக்கு வந்த கோபத்தில் அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கின கை தானாக இறங்கிவிட்டது. அவன் கேட்டதில் தப்பில்லை. மூன்று வருடமும் அவள் கண் மேசையின் பரப்பை அளந்ததே தவிர, அதன் மேல் நிற்பதைப் பார்க்கவில்லை.

இப்போது உதிர்ந்த பட்டைகளைப் பொறுக்கும்போது கண்ணுக்கு வெகு அருகில் பார்த்தாள். கொதிகலனுக்கு ஒரு கதவு, அந்தக் கதவுக்கு ஒரு கைப்பிடி, நிலக்கரி அள்ள ஊசி நீளத்தில் ஒரு மண்வாரி. அந்த மண்வாரியை விரல் நுனியில் ஏந்திப் பார்த்தாள். பார்த்த வேகத்திலேயே ஆத்திரமும் வந்தது. இவ்வளவு அழகாகச் செய்யத் தெரிந்த மனிதர், சமையலறை ஜன்னலின் தாழ்ப்பாளை இன்னும் கயிறு போட்டுத்தானே கட்டி வைத்திருக்கிறார்!

“இப்ப என்ன பண்றது?” என்றாள்.

“கீழ் வீட்டுப் பல்செட்காரரைக் கூப்பிடலாமா? அவருக்குப் பொடிப்பொடியா ஒட்டற வேலை அத்துப்படி.”

கீழ் வீட்டுக்காரர் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் வரிசை செய்து கொடுப்பவர். கூப்பிட்டதும், காத்திருந்த மாதிரி பெட்டியோடு மேலே வந்துவிட்டார். உள்ளே நுழைந்தவர் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“தெரியாம விழுந்துடுச்சு. அப்படித்தானேம்மா?”

“தெரியாமத்தான் விழுந்துச்சு!”

“அதேதான். யார் கேட்டாலும் நான் அப்படியே சொல்லிடறேன். நீங்க கவலையே படாதீங்க.”

“சார், நிஜமாவே தெரியாமதான்...”

“புரியுதும்மா. என் வீட்லயும் ஒரு மீன்தொட்டி இப்படித்தான் தெரியாம விழுந்துச்சு.”

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உடைத்திருந்தால் உடைத்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உடைக்காமல் உடைத்தவளாக நிற்பதைப் போல ஓர் அவமானம் உண்டா? வாயை மூடிக்கொண்டு நின்றாள். வேலை ஆகவேண்டுமே.

“மாதிரி ஏதாவது இருக்கா?” என்றார் பல்செட்காரர். “பல்லுன்னா வாயைப் பார்த்து அளவெடுப்பேன். இதுக்கு என்ன பார்க்கறது?”

அவள் நாட்காட்டியைக் கழற்றி அவர் முன் வைத்தாள். “இந்தப் படத்துல எப்படி இருக்கோ அப்படியே வரணும். மயிரிழை பிசகக் கூடாது.”

அவர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இது புதுசுல எடுத்த படமாச்சே? இந்தக் கிரேன் அப்புறமா ஏதோ பாலத்துல...”

“சார்! பாலம்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. இந்த வீட்ல அந்தப் பேச்சே எனக்கு ஆகாது. எனக்கு நேரா நிக்கணும். அவ்வளவுதான்.”

அவர் பயந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வேலைக்காரர்தான், இல்லையென்று சொல்ல முடியாது. நீளக் கம்பிகளை அவள் தையல் அடிக்கோலோடு சேர்த்துக் கட்டி, படத்தைப் பார்த்துப் பட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, தூளையும் திரவத்தையும் கலந்து குழைத்துப் புள்ளி புள்ளியாக வைத்தார். சீக்கிரத்தில் இறுகியது. அடிக்கோலை அவிழ்த்து, கையைக் கிரேனில் பொருத்தி அடியில் ஆணியைச் செருகினார்கள். கை நின்றது! கொஞ்சம்கூட வளைவில்லாமல், வெட்டினாற்போல் நேராக!

“இனிமே இதால பாறையைக் கடிச்சாலும் விடாது” என்றார் பல்செட்காரர்.

“எல்லாம் சரி. இது ஏன் சார் ரோஸ் கலர்ல இருக்கு?”

“ஈறு அந்தக் கலர்ல தானேம்மா இருக்கும்?”

கையின் நீளம் முழுக்க ரோஸ் நிறத்தில் குட்டிக் குட்டி ஈறுகள் பூத்திருந்தன. கிரேன் அவளைப் பார்த்து ஈயென்று இளிக்கிற மாதிரி இருந்தது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

“சிரிச்சே, தொலைஞ்சே!” என்றாள் அவள். “பெயிண்ட் எங்கடா?”

ஏசிக்கு மாட்டுகிற இரும்புச் சட்டத்துக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்ட் அவன் வண்டியில் இருந்தது. கைக்கு அடித்தார்கள். கை புது பூட்ஸ் மாதிரி பளபளத்தது. உடம்போ மங்கலான கறுப்பில், அங்கங்கே துரு பூத்ததுபோல் செம்பழுப்புத் தீற்றல்களோடு நின்றது. ஒட்டுக்கை வைத்த மாதிரி ஒட்டவே இல்லை.

“கழுவாத உடம்புக்குக் கழுவின கை” என்றான் தம்பி.

“அப்ப உடம்பையும் கழுவு” என்றாள் அவள். “மொத்தத்தையும் அடி.”

அடித்தான். கொதிகலனில் ஊசிமுனையால் எழுதியிருந்த எண் மறைந்தது. சக்கரத்து ஆணிகள் மறைந்தன. ஒரு வாரம் உட்கார்ந்து அவர் தீற்றியிருந்த துரு மறைந்தது. துரு போனதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்திகூட. யார்டில் போய்ச் சுரண்டுகிறவர், வீட்டில் ஏன் பூச வேண்டும்?

பெயிண்ட் முழுசாகக் காய்வதற்குள் நூல் கோர்க்க உட்கார்ந்தாள். எந்தக் கப்பியில் நுழைந்து எதில் வெளியே வந்தது என்று நாட்காட்டியில் தெரியவில்லை. போகட்டும் என்று, தையல் இயந்திரத்துக்குக் கோர்க்கிற வழியிலேயே பொத்தான் நூலைக் கோர்த்து முடிந்தாள். கொக்கியைத் தேடி மூவரும் தரையில் தவழ்ந்தார்கள். ஊசிகளும் பொத்தான்களும் ஒரு பல்லும் கிடைத்தன. பல் தன்னுடையது என்று பல்செட்காரர் எடுத்துக்கொண்டார். கொக்கி கிடைக்கவில்லை. கடைசியில் ஓட்டல் திரைச்சீலைக்கு வந்திருந்த கொக்கிகளில் ஒன்றை எடுத்து மாட்டினாள்.

பிறகு நூலில் சாக்குக்கட்டி தேய்த்து, கையின் அடியிலிருந்து நுனிவரை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

திரைத்துணி வெட்டப்படாமல் அப்படியே கிடந்தது. ஓட்டல்காரன் கத்துவான். முதுகு போய்விட்டது, விரலெல்லாம் கறுப்பு, இஸ்திரிப் பெட்டி இனி எந்த வெள்ளைத் துணிக்கும் உதவாது. இருந்தும் கிரேனைப் பார்த்தபோது மனசுக்குள் ஒரு கர்வம் எட்டிப் பார்த்தது. அவர் செய்ததைவிட நேராக அல்லவா நிற்கிறது!

படியில் காலடிச் சத்தம் கேட்டதும் தம்பி பையைத் தூக்கிக்கொண்டான். “அக்கா, எனக்கு அவசர வேலை ஒண்ணு...”

“நகர்ந்தே, காலை உடைப்பேன். சார், நீங்களும் உட்காருங்க.”

கணவர் உள்ளே வந்தார். பின்னாலேயே வண்டிக்காரர், சங்கத்துச் சாமான்களை ஏற்றி இறக்குகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் உப்புத்தாளோடு கிரேன் மேல் ஏறுகிறவர். இருவர் முகத்திலும் கல்யாணக் களை.

“அதிகாரி கிளம்பிட்டாராம்! சீக்கிரம் தூக்கணும்...” என்றபடி மேசைப் பக்கம் திரும்பிய கணவர் நின்றுவிட்டார்.

போர்வை இல்லை. கிரேன் பளபளவென்று நின்றது. அவர் கிட்டே போனார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் கிடந்த தையல் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

அவர் அப்படி உட்கார்ந்ததை அவளால் தாங்க முடியவில்லை. எதுவும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்த தீர்மானம் காற்றில் பறந்தது.

“என்ன பார்க்கறீங்க? ஆமா, விழுந்துச்சு. துணி உருளை மேல விழுந்து கை வளைஞ்சு போச்சு. வேணும்னு செய்யல. நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க! காலையில கத்தினேன், இல்லங்கல. மூணு வருஷம் என் மேசையைப் பிடுங்கிக்கிட்டா கத்தத்தான் செய்வேன். ஆனா உங்க பொருளை உடைக்கற புத்தி எனக்குக் கிடையாது. ஓட்டல் வேலையைப் போட்டுட்டு, பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம, காலையிலிருந்து இதோட மல்லுக்கு நிக்கறேன். இவங்க ரெண்டு பேரையும் கேளுங்க!”

தம்பியும் பல்செட்காரரும் தலையாட்டினார்கள். “தெரியாமத்தான் விழுந்துச்சு சார்” என்றார் பல்செட்காரர், மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில்.

கணவர் விரலை நீட்டிக் கிரேன் கையின் நடுப்பகுதியைத் தொட்டார். நேற்று பட்ட சூட்டுக் கொப்புளம் அந்த விரலில் இருந்தது.

“நான் உன்னை நம்பறேன்” என்றார். “துணி உருளை பட்டெல்லாம் அது வளையாது. ஒரு வாரம் நானே பாடுபட்டேன்.” அப்புறம் மெல்லிய குரலில், “நேரா... நேரா ஆக்கிட்டியா?” என்றார்.

நம்புகிறேன் என்ற ஒரு வார்த்தையோடு அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. மற்றது எதுவும் உள்ளே போகவில்லை. காலையிலிருந்து தேங்கின கண்ணீர் இப்போதுதான் வந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஆகாம பின்னே? நூல் பிடிச்சுப் பார்த்துட்டேன். இந்தப் படத்துல இருக்கற மாதிரியே நிக்குது. வேணும்னா நீங்களும் பிடிச்சுப் பாருங்க!”

வண்டிக்காரர் கிரேனை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அவள் கணவரைப் பார்த்தார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா, அன்னைக்குப் பாலத்துல ஜனங்களோட தொங்கின பெட்டியை விடாமப் பிடிச்சதுலதான் எங்க கிரேனுக்குக் கை வளைஞ்சுது; அந்த வளைவைக் காட்டித்தானே அதை வெட்டிப் போடாதீங்கன்னு இன்னைக்கு அதிகாரிகிட்ட கேட்கப் போறோம்?”